பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ்: ஒரு பேட்டை கிளப்பும் அதன் ஓட்டக்காரர்களும்

ஒலிம்பிக் முடிவுப் பட்டியலில் வீரரின் பெயர் வரும், நாட்டின் பெயர் வரும். அவர் எந்த உள்ளூர் கிளப்பில் ஓடிப் பழகினார் என்பது வராது. பிரிட்டனிலோ தடகளப் புள்ளிவிவரக்காரர்கள் வீரரின் பெயரோடு கிளப்பின் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் தலைமுறை தலைமுறையாக ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ். பர்மிங்காம் நகரின் வடபகுதியில் 1877-இல் தொடங்கிய கிளப் இது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவரும் இதன் உறுப்பினர். நூறு ஆண்டு கழித்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவரும் இதன் உறுப்பினர்.

அந்தப் பதக்கங்களில் கிளப்பின் பங்கு எவ்வளவு? வீரரின் உடம்பு, பயிற்சியாளரின் அறிவு, அரசு தரும் பணம் ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால் கிளப்பின் கணக்கில் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சும் என்பது என் முடிவு. ஜெயித்தவர்களைவிட, ஓடுவதற்கு வேறெங்கும் இடமில்லாதிருந்தவர்களைப் பார்த்தால் அது நன்றாகத் தெரியும். அந்த முடிவுக்கு வர இந்தக் கிளப்பின் வரலாற்றை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முயல் வேட்டை நாய்களைக் குறிக்கும் ஹாரியர்ஸ் என்ற சொல்லைப் பெயராக வைத்துக்கொண்ட கிளப்புகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மூலம் பள்ளிக்கூடப் பையன்களின் ஒரு விளையாட்டு. முயல்கள் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். கிழித்த காகிதத் துண்டுகளை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். வயல், வேலி, ஓடை, சேறு என்று போகிற வழியெல்லாம் காகிதத்தைத் தூவிக்கொண்டே போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் வேட்டை நாய்க் கூட்டம்போல அந்தக் காகிதத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற பள்ளிகளில் வளர்ந்த இந்த ஆட்டத்தைப் பெரியவர்கள் கையிலெடுத்து, 1868-இல் தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். கிராஸ் கன்ட்ரி ஓட்டம் முறையான போட்டியானது இப்படித்தான். 1876-இல் லண்டன் அருகே எப்பிங் காட்டில் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஓடியவர்கள் வழிதவறிப் போனதால் போட்டியே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டுதான் முறையான முதல் போட்டி நடந்தது. பர்ச்ஃபீல்டு பிறந்ததும் அதே 1877-இல்.

பிறப்புக்குக் காரணம் ஒரு சண்டை. ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தையொட்டி எழுந்த தகராறில் மனம் கசந்து பிரிந்தவர்கள் தனிக் கிளப்பாகத் திரண்டார்கள். பாய்ந்தோடும் கலைமானைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். மூன்றே ஆண்டில், 1880-இல், தேசிய கிராஸ் கன்ட்ரி குழுப் பட்டம் அவர்கள் கைக்கு வந்தது. பின்னால் வந்த பல பத்தாண்டுகளில் அந்தப் பட்டத்தை அவர்கள் அளவுக்கு ஆண்ட கிளப் வேறில்லை.

இந்த வேகத்தைப் புரிந்துகொள்ள பர்மிங்காமைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலோகப் பட்டறைகளின் ஊர் அது. துப்பாக்கி, ஆணி, பேனா முள், பித்தளைச் சாமான் என்று சிறு பட்டறைகளில் செய்து உலகமெங்கும் அனுப்பிய ஊர். உடம்பால் உழைப்பவர்களுக்கோ அன்றைய தடகளத்தில் இடமில்லை. 1866-இல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் அத்லெட்டிக் கிளப், தொழிலாளியும் கைவினைஞரும் கூலிக்காரரும் அமெச்சூர் ஆக முடியாது என்று விதியே எழுதி வைத்திருந்தது. காசு வாங்கி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்களுக்குக் கதவு மூடியது. 1880-இல் ஆக்ஸ்போர்டில் கூடித் தொடங்கிய அமெச்சூர் அத்லெட்டிக் அசோசியேஷன்தான் அந்த வர்க்கத் தடையை நீக்கிக் காசுத் தடையை மட்டும் வைத்துக்கொண்டது. பட்டறை ஊர்களின் கிளப்புகள் தேசிய அரங்கில் நிமிர்ந்து நிற்க முடிந்ததற்கு அந்த மாற்றம் பெரிய காரணம். இன்று கேட்டால் சின்ன நிர்வாகத் திருத்தமாகத் தோன்றும். ஆனால் யார் ஓடலாம் என்ற கேள்விக்குப் பதில் மாறினால்தான் யார் ஜெயிப்பார் என்ற பதிலும் மாறும்.

காசுத் தடை என்ன செய்தது என்பதற்கும் அதே ஊரில் சாட்சி உண்டு. பர்ச்ஃபீல்டுக்கு அப்போது உள்ளூர்ப் போட்டி மோஸ்லி ஹாரியர்ஸ். 1881 முதல் தேசியப் பட்டத்தைப் பர்ச்ஃபீல்டிடமிருந்து தட்டிப் பறித்தது அதுதான். அதன் நட்சத்திரம் வால்டர் ஜார்ஜ், மருந்துக்கடையில் தொழில் பழகியவர். 1884-இல் பர்மிங்காமில் நடந்த தேசியத் தடகளப் போட்டியில் ஒரு மைலை 4 நிமிடம் 18.4 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அமெச்சூர்களில் அவரை நெருங்க ஆளில்லை. ஈடான ஒரே ஆள் ஸ்காட்லாந்தின் வில்லியம் கம்மிங்ஸ், அவர் காசுக்கு ஓடுபவர். அவரோடு மோதுவதற்காகவே ஜார்ஜ் அமெச்சூர் தகுதியைத் துறந்தார். 1886-இல் லண்டனில் நடந்த மோதலில் 4 நிமிடம் 12¾ வினாடியில் அவர் ஓடி முடித்தார். அந்த நேரத்தை 1915 வரை யாராலும் தாண்ட முடியவில்லை. நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரரைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மோஸ்லிக்கு விதி இடம் கொடுக்கவில்லை. நட்சத்திரத்தை நம்பி ஒரு கிளப் நிற்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அன்றைய பர்மிங்காமுக்குக் கிடைத்திருக்காது.

பர்ச்ஃபீல்டின் முதல் ஒலிம்பிக் புகழ் ஆர்தர் ராபர்ட்சனால் வந்தது. ஷெஃபீல்டில் பிறந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. சைக்கிள் பந்தயக்காரராக இருந்தவர் ஒரு விபத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பினார். 1908-இல் தேசிய கிராஸ் கன்ட்ரிப் பட்டம், சர்வதேச கிராஸ் கன்ட்ரிப் பட்டம், லண்டன் ஒலிம்பிக்கில் 3 மைல் குழு ஓட்டத்தில் தங்கம், ஸ்டீபிள்சேஸில் வெள்ளி. செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் போய் 5000 மீட்டரை 15 நிமிடம் 1.2 வினாடியில் ஓடினார். அது அந்தத் தூரத்துக்கான அதிகாரபூர்வமற்ற உலக சாதனையாக எண்ணப்படுகிறது. ஒரே ஆண்டில் இவ்வளவு!

இங்கேயே நம் கேள்விக்கு முதல் சிக்கல் வந்துவிடுகிறது. ராபர்ட்சன் பர்மிங்காம்காரர் இல்லை. பீட்டர்பரோவில் வாழ்ந்தவர். நல்ல குழுவைத் தேடி வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர். பேட்டை கிளப் என்று நாம் அன்போடு சொல்வது நூறு ஆண்டுக்கு முன்பே பேட்டையைத் தாண்டி ஆள் சேர்த்திருக்கிறது. இப்படிச் சேர்ந்தவர்களின் பதக்கத்தைக் கிளப்பின் விளைச்சல் என்று சொல்வது நேர்மையாகாது. அவர்களுக்குக் கிளப் கொடுத்தது ஒரு குழு. கிராஸ் கன்ட்ரியில் அது சின்ன விஷயமில்லை. முதல் ஆளாக வருபவரைவிட, குழுவின் ஆறாவது ஆள் எந்த இடத்தில் வருகிறார் என்பதே பட்டத்தைத் தீர்மானிக்கும். பெயர் தெரியாத அந்த ஆறாவது ஆளை வாரந்தோறும் சேற்றில் ஓட வைப்பதுதான் கிளப்பின் உண்மையான வேலை.

அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. டபிள்யூ. டபிள்யூ. அலெக்சாண்டர், பல பத்தாண்டுகள் கிளப்பின் செயலாளர். அவர் காலத்தில் கிளப் துணிந்து ஒரு காரியம் செய்தது. 1929-இல் பெர்ரி பார் பகுதியில் தனக்கென்று ஒரு மைதானத்தைத் திறந்து, அதற்கு அலெக்சாண்டர் ஸ்போர்ட்ஸ் கிரவுண்ட் என்று பெயர் வைத்தது. கரித்துகள் பரப்பிய தடம், பார்வையாளர் மேடை, உடை மாற்ற இடம் எல்லாம் கிளப்பின் சொத்து. உலகத் தரமான ஓட்டக்காரர்களைக் கொண்டிருந்தும் ஓட ஒரு தடத்துக்கு அடுத்தவரிடம் கையேந்திய கிளப்புகளே அந்தக் காலத்தில் அதிகம். சொந்த மைதானம் உள்ள கிளப் எந்தப் போட்டியை நடத்துவது, யாரை ஓட விடுவது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். 25 ஆண்டு கழித்து அந்த உரிமையின் அருமை தெரிந்தது.

அதற்கு முன் காட்ஃப்ரி பிரவுனை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். வங்காளத்தின் பாங்குராவில் 1915-இல் பிறந்தவர். 1936 பெர்லினில் 400 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அமெரிக்காவின் ஆர்ச்சி வில்லியம்ஸ் அவரை முந்தியது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 4x400 தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை ஓடி பிரிட்டனுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அவருடைய அக்கா ஆட்ரியும் பாங்குராவில் பிறந்தவர்தான். அவரும் அதே ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பிரவுன் கேம்பிரிட்ஜில் படித்தவர், பின்னாளில் வூஸ்டரில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பல்கலைக்கழகத்தின் பங்கு எது, கிளப்பின் பங்கு எது என்று அவர் விஷயத்தில் பிரித்துச் சொல்வது கடினம்.

பெண்கள் கதை அப்படி இல்லை. அங்கே கிளப்பின் பங்கைத் தெளிவாகக் காட்டலாம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே ஜெயித்தார். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. இதைச் சாக்காக வைத்து அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1960 வரை 200 மீட்டருக்கு மேல் பெண்கள் ஓட ஒலிம்பிக்கில் வழியில்லை. 32 ஆண்டுகள்! ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, ஓடி, ஓய்வு பெறும் காலம்.

அந்த இருட்டுக் காலத்தில் நீண்ட தூரம் ஓட ஆசைப்பட்ட பெண் எங்கே போவாள்? உள்ளூர் கிளப்புக்குத்தான். பர்ச்ஃபீல்டின் கிளாடிஸ் லன் 1930-களில் அப்படி ஓடியவர். 1934-இல் லண்டனில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில், அதாவது இன்றைய காமன்வெல்த் போட்டியின் முன்னோடியில், 880 கஜ ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் ஈட்டி எறிதலிலும் தங்கம். இப்படி ஒரு ஜோடியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? 1937-இல் ஒரு மைலை 5 நிமிடம் 17 வினாடியில் ஓடினார். 1938 போட்டியில் பெண்களுக்கான 880 கஜ ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1962-இல். 1938-இல் லன் ஈட்டி எறிந்து வெண்கலம் வாங்கிக்கொண்டார். தன் சொந்த ஓட்டத்தைப் பறித்துவிட்டால் இன்னொன்றில் நிற்பேன் என்ற பிடிவாதம் எனக்கு அதில் தெரிகிறது.

லன் வழிவிட்ட இடத்தில் வந்து நின்றவர் டயான் லெதர். 1933-இல் பிறந்தவர். வேதியியல் படித்து பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பணியில் இருந்தார். அதுவரை ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த பெண் அவர். 1952 ஒலிம்பிக்கைப் பார்த்த உற்சாகத்தில் பர்ச்ஃபீல்டில் சேர்ந்தார். பத்தொன்பது வயது. எந்தத் தேர்வுக் குழுவும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை, தானாகக் கதவைத் தட்டி உள்ளே போனவர். கிளப்பின் பெண்களுக்குப் பயிற்சியாளராக இருந்த டோரெட் நெல்சன் நீல் அவரை அரவணைத்துக்கொண்டார். 1953-இல் தேசிய கிராஸ் கன்ட்ரிப் பட்டம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதுவே. 1953 செப்டம்பரில் ஒரு மைலில் 5 நிமிடம் 2.6 வினாடி, அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரம். சில வாரங்களில் ருமேனியாவின் எடித் ட்ரெய்பால் அதை 5 நிமிடம் 0.3 ஆக்கினார்.

1954 மே 6. ஆக்ஸ்போர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினார். உலகம் முழுதும் அதைப் பேசியது. மே 26 அன்று லெதர் 5 நிமிடம் 0.2 வினாடி ஓடினார். ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மூன்றே நாள் கழித்து, மே 29 சனிக்கிழமை, அலெக்சாண்டர் ஸ்போர்ட்ஸ் கிரவுண்டில் மிட்லண்ட்ஸ் பகுதிப் பெண்கள் போட்டி. அன்று ஏற்கெனவே 880 கஜம் ஓடிய கால்களோடு அவர் மைலுக்கு வந்து நின்றார். தடம் கரித்துகள். கூடவே இழுத்துப் போக முன்னால் ஓடுபவர் யாரும் இல்லை. பேனிஸ்டருக்கு கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முறை வைத்து முன்னால் ஓடிக் கொடுத்தார்கள். லெதருக்கு நான்கு சுற்றும் தனி ஓட்டம். முடித்த நேரம் 4 நிமிடம் 59.6 வினாடி. ஒரு மைலை 5 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் அவர். பேனிஸ்டருக்கும் அவருக்கும் இடைவெளி 23 நாள்.

அது உலக சாதனையாகப் பதிவாகவில்லை. பெண்களின் மைல் ஓட்டத்துக்கு அன்று சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தில் சாதனைப் பட்டியலே கிடையாது. உலகின் மிகச் சிறந்த நேரம் என்று ஒரு மரியாதைப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். பட்டியல் தொடங்கியது 1967-இல், இங்கிலாந்தின் ஆன் ஸ்மித் ஓடிய 4 நிமிடம் 37 வினாடியோடு. லெதரோ 1955-இல் முதலில் 4 நிமிடம் 50.8, பிறகு செப்டம்பரில் 4 நிமிடம் 45 என்று தன் நேரத்தைத் தானே வெட்டிக்கொண்டே போனார். அந்த 4:45 ஏழு ஆண்டு நின்றது. 1954, 1958 ஐரோப்பிய வாகையர் போட்டிகளில் 800 மீட்டரில் இரண்டு வெள்ளி. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் திரும்பி வந்தபோது அவருக்கு 27 வயது, உச்சக்காலம் கடந்துவிட்டது. தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். பெண்களுக்கு 1500 மீட்டர் வந்ததோ 1972-இல். அவருக்கு ஏற்ற ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது அவர் ஓட்டத்தை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

லெதர் 2018-இல் மறைந்தார். பேனிஸ்டரும் அதே ஆண்டுதான். இருவருக்கும் கிடைத்த புகழின் அளவைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆனால் நம் கேள்வி கிளப்பைப் பற்றியது. ஒலிம்பிக் குழு மறுத்தது, சம்மேளனம் ஏடு திறக்கவில்லை, பேரரசுப் போட்டி நிறுத்திவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவருக்குத் தடம் இருந்தது, நேரம் குறிக்க ஆட்கள் இருந்தார்கள், முறைப்படி அறிவிக்கப்பட்ட ஒரு மைல் ஓட்டம் இருந்தது. இவற்றை நடத்தியவர்கள் சம்பளம் இல்லாத உள்ளூர்க்காரர்கள். அந்த மைதானம் சொந்தமாக இல்லாவிட்டால், லன் காலத்திலிருந்து நீண்ட தூரம் ஓடும் பெண்களை வைத்திருந்த பழக்கம் இல்லாவிட்டால், ஹாக்கி ஆடிய ஓர் ஆய்வகப் பெண் வேறு எங்கே போய் மைல் ஓடியிருப்பார்? பர்ச்ஃபீல்டின் எல்லாப் பதக்கங்களையும் ஒரு தட்டில் வைத்து, பதக்கமே இல்லாத இந்த ஓட்டத்தை மறுதட்டில் வைத்தால், கிளப்பின் பெருமைக்கு எனக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது.

அதே ஐம்பதுகளில் வால்சாலைச் சேர்ந்த பீட்டர் ராட்ஃபோர்டு பர்ச்ஃபீல்டுக்கு ஓடத் தொடங்கினார். சின்ன வயதில் கடுமையான சிறுநீரக நோய் வந்து சக்கர நாற்காலியில் இருந்த பையன் அவர். 1960 மே மாதம் வுல்வர்ஹாம்ப்டனில் 220 கஜத்தை 20.5 வினாடியில் ஓடி உலக சாதனை, அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக் 100 மீட்டரில் வெண்கலம். பின்னாளில் விளையாட்டு அறிவியல் பேராசிரியராகவும் தடகள வரலாற்றாசிரியராகவும் இருந்தார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு குடும்பம் கிளப்பின் முகமாகிவிட்டது. ஸ்டூவர்ட் வீட்டுப் பிள்ளைகள் மூவர். மூத்தவர் பீட்டர் 1971-இல் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 3000 மீட்டர் தங்கம். தங்கை மேரி 1977-இல் அதே போட்டியில் 1500 மீட்டர் தங்கம், மறு ஆண்டு எட்மன்டன் காமன்வெல்த்தில் இங்கிலாந்துக்காக மீண்டும் 1500 மீட்டர் தங்கம். நடுவில் இயன், மூவரிலும் பெரிய பெயர். 1970 எடின்பரோ காமன்வெல்த்தில் ஸ்காட்லாந்துக்காக 5000 மீட்டர் ஓடி, கென்யாவின் கிப் கெய்னோவைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார். 1972 மியூனிக்கில் கடைசி மீட்டர்களில் அமெரிக்காவின் ஸ்டீவ் ப்ரீஃபான்டெய்னை எட்டிப் பிடித்து வெண்கலம். 1975 மார்ச்சில் ஒரு ஞாயிறு போலந்தில் ஐரோப்பிய உள்ளரங்க 3000 மீட்டர் தங்கம், அடுத்த ஞாயிறு மொராக்கோவில் உலக கிராஸ் கன்ட்ரிப் பட்டம். மரப்பலகைத் தடத்தையும் புல்வெளியையும் ஏழு நாளில் மாற்றி மாற்றி ஆண்ட கால்கள் அவை. ராபர்ட்சனுக்கு அடுத்து அந்தக் கிராஸ் கன்ட்ரி மரபின் உச்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தது ரத்தத்தின் வேலையா, வீட்டுக்கு அருகில் கிளப் இருந்ததன் வேலையா? அண்ணன் போகிற இடத்துக்குத் தம்பியும் தங்கையும் போவார்கள். போவதற்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

எழுபதுகளில் கரித்துகள் தடங்களின் காலம் முடிந்தது. செயற்கைத் தடம் போடவும் பராமரிக்கவும் ஆகும் செலவைத் தாங்கும் சக்தி உறுப்பினர் சந்தாவுக்கு இல்லை. 1976-இல் பர்மிங்காம் மாநகராட்சி பெர்ரி பார்க்கில் ஒரு புது அரங்கத்தைத் திறந்தது. பர்ச்ஃபீல்டு தன் நூற்றாண்டு ஆண்டை ஒட்டி அங்கே குடிபெயர்ந்தது. அலெக்சாண்டர் பெயர் கூடவே வந்து அலெக்சாண்டர் ஸ்டேடியம் ஆனது. பழைய மைதானம் பிற்பாடு நாய்ப் பந்தயத்துக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் போனது. வசதி பெருகியது. ஆனால் கிளப் நிலக்காரர் நிலையிலிருந்து குடியிருப்பவர் நிலைக்கு மாறியது. இந்த மாற்றத்தைப் பற்றி வரலாறு எழுதுபவர்கள் போதிய கவலைப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

புது அரங்கம் வந்த பிறகு வெற்றிகள் தொலைதூரத்திலிருந்து வேகத்துக்கும் தாண்டுதலுக்கும் நகர்ந்தன. முன்னணியில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து மிட்லண்ட்ஸில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அவர்களில் பலர். டெனிஸ் லூயிஸ் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்து வுல்வர்ஹாம்ப்டனில் தாயின் தனி வளர்ப்பில் வளர்ந்தவர். பர்ச்ஃபீல்டின் பயிற்சியாளர் டேரல் பன் அவரை, ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானுக்கு ஆளாக்கினார். 1994 காமன்வெல்த்தில் தங்கம், 1996 அட்லாண்டாவில் வெண்கலம். பிறகு டச்சுப் பயிற்சியாளர் சார்ல்ஸ் வான் கொமெனேயிடம் சேர்ந்து 2000 சிட்னியில் காலில் காயக்கட்டோடு ஏழு போட்டிகளையும் முடித்து 6584 புள்ளிகளுடன் தங்கம். அதே சிட்னியில் 400 மீட்டரில் கேத்தி ஃப்ரீமன் ஜெயித்த ஓட்டத்தில் கேத்தரின் மெர்ரி வெண்கலம் வாங்கினார். இவரும் பர்ச்ஃபீல்டுதான். மும்முறை தாண்டுதலில் ஆஷியா ஹான்சன் 1998-இல் வலென்சியாவில் 15.16 மீட்டர் தாண்டி உள்ளரங்க உலக சாதனை வைத்தார். 2004 ஏதென்ஸில் 4x100 தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகக் கட்டையை வாங்கிய மார்க் லூயிஸ்-ஃபிரான்சிஸ், பின்னால் துரத்தி வந்த மாரிஸ் கிரீனுக்கு இடம் கொடுக்காமல் கோட்டைத் தாண்டினார். பிரிட்டன் 38.07, அமெரிக்கா 38.08.

கெல்லி சாதர்டன் கதை வேறு விதமானது. வைட் தீவில் பிறந்தவர். 2004-இல் ஹெப்டத்லானில் வெண்கலம் வாங்கினார். 2008 பெய்ஜிங்கில் ஹெப்டத்லானிலும் 4x400 தொடர் ஓட்டத்திலும் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். ஹெப்டத்லானில் அவருக்கு முன்னால் நின்ற உக்ரைன் வீராங்கனையும் ரஷ்ய வீராங்கனையும் ஊக்கமருந்து காரணமாக நீக்கப்பட்டார்கள். தொடர் ஓட்டத்திலும் ரஷ்யா, பெலாரூஸ் குழுக்கள் அதே காரணத்தால் போயின. இரண்டு வெண்கலங்களும் அவர் கைக்கு வந்தபோது அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் தலைமுறையில் கிளப்பின் பங்கைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. 1990-களின் இறுதியிலிருந்து பிரிட்டனின் தேசிய லாட்டரிப் பணம் வீரர்களுக்கு நேரடியாகப் போகத் தொடங்கியது. பயிற்சியாளர்கள் தேசிய அமைப்பின் சம்பளக்காரர்கள். ஹான்சன் வேறு கிளப்பிலிருந்து மாறி வந்தவர், சாதர்டனும் வெளியூர்க்காரர். லூயிஸின் தங்கம்கூடக் கடைசியில் ஒரு டச்சுக்காரரின் கையில்தான் முழுமை பெற்றது. வாரக் கடைசி லீக் போட்டியில் புள்ளி எடுத்துக் கொடுக்கும் ஜெர்சி மட்டும்தான் கிளப் என்று அவர்கள் சொல்லலாம்.

இதில் பாதியை நான் ஏற்கிறேன். உச்சத்தில் நிற்கும் வீரருக்கு இன்று கிளப் அவசியமில்லை. ஆனால் லாட்டரிப் பணம் வருவது ஒருவர் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறார் என்று தெரிந்த பிறகு. அதற்கு முன்னால், பதினொன்று பன்னிரண்டு வயதில், இந்தப் பிள்ளை எதற்குத் தேறும் என்று எவருக்கும் தெரியாத காலத்தில், மாலை நேரத்தில் ஓடவும் தாண்டவும் எறியவும் ஓரிடம் வேண்டும். சிறு சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற கதவு வேண்டும். தேசிய அமைப்பு அறுவடைக்கு வருகிறது, விதைப்பு கிளப்பில் நடக்கிறது. டேரல் பன் லூயிஸுக்குச் செய்தது வான் கொமெனே செய்ததைவிடச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. எண்ணிக்கையில் பார்த்தாலும், ஒரு லூயிஸ் வருவதற்கு ஆயிரம் பிள்ளைகள் வந்து ஓடிவிட்டுப் போகிறார்கள். அந்த ஆயிரம் பேருக்கு வேறு எந்த அமைப்பும் பொறுப்பேற்பதில்லை.

2022 காமன்வெல்த் போட்டிக்காக அலெக்சாண்டர் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கச் சுமார் 7 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவானது. தற்காலிக இருக்கைகளோடு 30,000 பேர் உட்காரும் அரங்கமானது. தமிழ் வாசகர்களில் பலர் அந்த அரங்கத்தைப் பெயர் தெரியாமலே தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். தேஜஸ்வின் சங்கர் 2.22 மீட்டர் தாண்டி உயரம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கியது அங்கேதான். மும்முறை தாண்டுதலில் கேரளத்தின் எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபூபக்கர் 17.02 என்று ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தங்கமும் வெள்ளியும் எடுத்தார்கள். தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேல் 16.89 தாண்டி, 3 சென்டிமீட்டரில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக நின்றார். இங்கிலாந்து காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் டெனிஸ் லூயிஸ். தான் வளர்ந்த கிளப்பின் அரங்கத்துக்கே விருந்து கொடுப்பவராக வந்தார்.

மறு ஆண்டு செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி, வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. ஏறத்தாழ திவால் அறிவிப்பு. பூங்கா, நூலகம், இளைஞர் மையம் என்று ஒவ்வொன்றாகச் செலவைக் குறைக்கத் தொடங்கிய அதே மாநகராட்சிதான் அலெக்சாண்டர் ஸ்டேடியத்தின் உரிமையாளர். அரங்கத்தின் ஒரு பகுதிக்குப் பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகம் விளையாட்டு அறிவியல் வகுப்புகளோடு வந்திருக்கிறது. பெரிய போட்டிகளும் வருகின்றன. 2026 ஐரோப்பிய வாகையர் போட்டிக்கும் இந்த அரங்கமே தேர்வானது. இவ்வளவு பேர் பங்கு கேட்கும் ஒரு கட்டடத்தில், சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தடம் ஒதுக்குவதை யார் தீர்மானிக்கிறார்கள், என்ன வாடகைக்கு என்பதுதான் இனிக் கவனிக்க வேண்டியது. 1954-இல் அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் கிளப்பின் செயற்குழுக்காரர்கள்.